ஒரு ஆளுக்கு எதுக்கு அடுப்பு?



இந்த மாதப் பாடம் சாப்பாட்டைப் பற்றியது. "சாப்பாட்டைப் பத்தி எங்களுக்கே பாடமா?" என்று நீங்கள் சிரிப்பது இங்கே கேட்கிறது. பத்துப் பேருக்கு ஆக்கிப் போடத் தெரிந்தவர்கள்தான் நாம். ஆனால் தனக்கு மட்டும், ஒரே ஒரு ஆளுக்கு ஆக்கி, உட்கார்ந்து ஒழுங்காகச் சாப்பிடத் தெரியுமா என்று கேட்டால் நம்மில் பாதிப் பேர் முழிப்போம். இதைச் சென்னைக்குப் போய்த்தான் நாங்கள் தெரிந்துகொண்டோம்.

நடந்ததைச் சொல்கிறோம். கூட்டமைப்புக் கூட்டத்தில் நம் குழு அக்கா ஒருவர் எட்டாயிரம் ரூபாய் அவசரக் கடன் கேட்டார். அவருடைய மகள் தி.நகரில் துணிக்கடையில் வேலை பார்க்கிறாள். நின்றபடியே மயங்கி விழுந்துவிட்டாளாம். ரத்தம் சோதித்துப் பார்த்ததில் ஹீமோகுளோபின் 7.6. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்து, ஊசி வழியாக இரும்புச்சத்து ஏற்றி அனுப்பினார்கள். கடனைக் கொடுத்தோம். தீர்மான நோட்டில் 'மருத்துவச் செலவு' என்று எழுதினோம். அப்போது ஒரு பிரதிநிதி, "இது வைத்தியச் செலவு இல்லைங்க, சாப்பிடாத செலவு" என்றார். எல்லோரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. காரணம், கூட்டத்தில் இருந்த இருபத்திரண்டு பேரில் ஒன்பது பேருடைய பிள்ளைகள் சென்னையில் தனியாகத் தங்கி வேலை பார்க்கிறார்கள்.

அடுத்த மாதம் நுங்கம்பாக்கம் அன்னை தெரசா மகளிர் வளாகத்தில் நடந்த குழுப் பொருள் கண்காட்சிக்கு நாங்கள் நான்கு பேர் போனோம். கடலை மிட்டாயும் ஊறுகாயும் விற்றது போக மிச்ச நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்து வந்தோம்.

மாம்பலத்து அறை

மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கினால் ஒரு பக்கம் ரங்கநாதன் தெரு, இன்னொரு பக்கம் மேற்கு மாம்பலம். அந்தப் பொண்ணு இருப்பது மேற்கு மாம்பலத்தில், மாடியில் பத்துக்குப் பத்து அறை. வீட்டுக்காரர் கேஸ் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். தண்ணீர் சுட வைக்கிற கரண்ட் கெட்டில் ஒன்று, ஒரு தட்டு, இரண்டு டம்ளர். அவ்வளவுதான் சமையல்கட்டு.

"காலையில என்ன சாப்பிடுவ?" என்று கேட்டோம். டீயும் இரண்டு பிஸ்கட்டும். மதியம் கடை வாசலில் விற்கும் எலுமிச்சைச் சாதப் பொட்டலம். சாயங்காலம் மறுபடி டீ, ஒரு பஜ்ஜி. ராத்திரி கடை மூடி, கணக்கு முடித்து, அறைக்கு வர மணி பத்தாகிவிடும். அப்போது பரோட்டா, இல்லாவிட்டால் கெட்டில் தண்ணீரில் ஊறப்போட்ட நூடுல்ஸ். கீரை எப்போது சாப்பிட்டாய் என்றால், "ஊருக்கு வந்தப்ப" என்றாள். ஊருக்கு வந்தது பொங்கலுக்கு.

அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். நாங்களும் முதலில் திட்டத்தான் செய்தோம், அது தப்பு என்று பிறகு தோன்றியது. அந்தப் பிள்ளை நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கிறாள். (கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டம் திருத்தினார்கள். நம் பிள்ளைகள் பலருக்கு அப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியவில்லை. ஊருக்கு வரும்போது சொல்லி அனுப்புங்கள்.) களைத்து வருகிறவளுக்கு அடுப்பும் இல்லை, பேச ஆளும் இல்லை. "எனக்கு ஒருத்திக்கு எதுக்குச் சமைக்கணும்?" என்றாள். இந்த வார்த்தையை இதற்கு முன்னால் எங்கே கேட்டிருக்கிறோம் என்று எங்களுக்குள்ளேயே ஒரு உறுத்தல்.

அழுகை ஓய்ந்ததும் நமக்குத் தெரிந்த வேலையைச் செய்தோம். நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டோம். டீ, பொட்டலம், பஜ்ஜி, ராத்திரி சாப்பாடு எல்லாம் சேர்த்து நாளைக்கு 165 ரூபாய். மாதம் 4,950. சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு சாப்பாட்டுக்கே போகிறது, அப்படியும் உடம்பில் ரத்தம் இல்லை! பணம் போதாமல் இல்லை, போகிற இடம்தான் சரியில்லை.

ரத்தக் கணக்கு

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமாவது இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் ரத்தசோகை. 8க்குக் கீழே போனால் கடுமையான ரத்தசோகை, அதைச் சாப்பாட்டால் மட்டும் சரிசெய்ய முடியாது, மருத்துவரிடம் போயே ஆக வேண்டும். 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100க்கு 53 பேருக்கு மேல் ரத்தசோகை இருந்தது. பத்துப் பேர் உட்கார்ந்த கூட்டத்தில் ஐந்து பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூச்சு வாங்குவது, படி ஏறினால் நெஞ்சு படபடப்பது, எப்போதும் அசதி, இதையெல்லாம் "வயசாகுது" என்று தள்ளிவிடுகிறோம். இருபத்தோரு வயசுப் பிள்ளைக்கு என்ன வயசாகுது?

கீரை, பருப்பு, கேழ்வரகு, கம்பு இவற்றில் உள்ள இரும்புச்சத்தை உடம்பு லேசில் எடுத்துக்கொள்ளாது. கூடவே எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா, தக்காளி மாதிரிப் புளிப்பான ஒன்று சேர்ந்தால் நன்றாக எடுத்துக்கொள்ளும். மீன், ஈரல், கறியில் உள்ள இரும்பு சுலபமாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ, காபி குடித்தால் உள்ளே போன இரும்பில் நல்ல பங்கு வீணாகிவிடும். சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவில் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். இரும்புச்சத்து மாத்திரைக்கும் இதே விதிதான். நம் ஊரில் மாத்திரையை டீயோடு விழுங்குகிறவர்கள் யார் யார் என்று எங்களுக்குத் தெரியும்!

சென்னையில் இருக்கும் பிள்ளைகளுக்குப் பக்கத்திலேயே நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கும். ரத்தப் பரிசோதனையும் மாத்திரையும் அங்கே இலவசம். வெள்ளைச் சட்டையைப் பார்த்தால் பணம் கேட்பார்கள் என்று பயந்து போகாமல் இருக்கிறார்கள்.

நம்மைப் போன்றவர்கள் நடத்திய அடுப்பு

மறுநாள் காலை அந்தப் பொண்ணைக் கூட்டிக்கொண்டு அம்மா உணவகத்துக்குப் போனோம். அதுவரை அவள் போனதே இல்லையாம், "அங்க போறது கௌரவக் குறைச்சல்" என்று கூட வேலை பார்ப்பவர்கள் சொன்னார்களாம்.

அம்மா உணவகத்தைப் பற்றி நாம் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் அது குழுப் பெண்களின் கதை. 2013 பிப்ரவரி 19 அன்று மயிலாப்பூரை ஒட்டிய சாந்தோமில் முதல் உணவகத்தை அன்றைய முதல்வர் ஜெயலலிதா திறந்து வைத்தார். பிறகு மாநகராட்சியின் 200 வார்டுகளுக்கும் பரவியது. இட்லி ஒரு ரூபாய், பொங்கல் 5 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். ராத்திரிக்கு இரண்டு சப்பாத்தி, பருப்புக் கடைசலோடு 3 ரூபாய். நடத்தியது மாநகராட்சி. அடுப்படியில் நின்று சமைத்தவர்கள், பரிமாறியவர்கள், பாத்திரம் கழுவியவர்கள் எல்லோரும் சுய உதவிக்குழுப் பெண்கள். அதற்கு நாள் சம்பளம் வாங்கினார்கள். 2020 பொதுமுடக்கத்தில் ஊரே அடைத்துக் கிடந்தபோது, அறையில் தனியாக மாட்டிக்கொண்ட எத்தனையோ பேருக்கு இந்த அடுப்புகள்தான் இலவசமாகச் சோறு போட்டன. ஆட்சி மாறிய பிறகும் மூடவில்லை. 2024 ஜூலையில் முதல்வர் ஸ்டாலின் தேனாம்பேட்டை உணவகத்தைப் பார்வையிட்டு, பாத்திரங்களுக்கும் பராமரிப்புக்குமாக 21 கோடி ரூபாய் ஒதுக்கச் சொன்னார்.

விலைக்காக மட்டும் நாங்கள் இதைச் சொல்லவில்லை. ஆவியில் வெந்த இட்லி, பருப்பு போட்ட சாம்பார், நேரத்துக்குச் சூடாகக் கிடைக்கிறது. டீயையும் பிஸ்கட்டையும் விட எத்தனையோ மேல். அதே நேரம் மனசில் பட்டதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அங்கே கிடைப்பதில் சோறும் மாவும்தான் அதிகம். காய், கீரை, முட்டை, பழம் இல்லை. அதனால் அங்கே சாப்பிடும் பிள்ளைகள் கையில் ஒரு துணையைக் கொண்டுபோக வேண்டும். சாம்பார் சாதத்தோடு வேகவைத்த முட்டை ஒன்று, தயிர் சாதத்தோடு ஒரு வெள்ளரிக்காய் அல்லது கேரட், கையில் ஒரு கொய்யாப்பழம். கொய்யா கிடைக்காத நாளில் ஒரு வாழைப்பழம். எண்ணிப் பாருங்கள், பஜ்ஜிக் காசில் இது முடிந்துவிடும்.

அடையாறில் ஒரு கேள்வி

நம் உறுப்பினர் ஒருவரின் தங்கை, கணவர் இறந்த பிறகு அடையாறில் வீட்டு வேலைக்குப் போகிறார். மூன்று வீட்டில் சமையல். காலை ஆறரைக்குப் போனால் முதல் வீட்டில் இட்லி, சட்னி. இரண்டாவது வீட்டில் மதியச் சாப்பாடு, இரண்டு பொரியல். மூன்றாவது வீட்டில் சர்க்கரை நோய்க்காரப் பெரியவருக்குத் தனிச் சமையல், சிறுதானியம், சுண்டல், கீரைக் கூட்டு. எதற்கு எது நல்லது என்று நமக்கே வகுப்பெடுப்பார். அவர் சாப்பிடுவது மதியம் மூன்று மணிக்கு, முதல்நாள் சோறும் ஊறுகாயும்.

"ஏம்மா, நீ ஆக்குற கீரையில ஒரு கரண்டி உனக்கு இல்லையா?" என்று அக்கா கேட்டார். "கேட்டா கொடுப்பாங்க. கேட்க மனசு வரல" என்றார். அதற்கு எங்களிடம் பதில் இல்லை. ஆனால் ஒன்றைப் பேசி முடிவு செய்தோம். வேலைக்குச் சேரும்போதே, சம்பளம் பேசுகிற மாதிரி, காலைச் சாப்பாட்டையும் பேசிவிட வேண்டும். கெஞ்சலாக இல்லை, வேலையின் ஒரு பகுதியாக. இப்போது முதல் வீட்டில் எட்டு மணிக்கு மூன்று இட்லி சாப்பிடுகிறார். கேட்டதும் அந்த வீட்டம்மா, "இத்தனை நாள் ஏன் சொல்லல?" என்றாராம்.

மயிலாப்பூர் பெரியம்மாவின் கணக்கு

நாங்கள் பார்த்தவர்களில் நன்றாகச் சாப்பிட்டவர் ஒருவர்தான். அவருக்கு வயது எழுபத்து மூன்று. கூட வந்த ஒருவருக்குப் பெரியம்மா முறை. கபாலீசுவரர் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன போர்ஷனில் பதினோரு வருஷமாகத் தனியாக இருக்கிறார். நாங்கள் போன நேரம் தெற்கு மாட வீதிக்குக் காய் வாங்கக் கிளம்பிக்கொண்டிருந்தார். கூடவே நடந்தோம்.

தெருவோரக் கடைகளில் அவர் வாங்கியதைப் பாருங்கள்: ஒரு கேரட், நாலு பீன்ஸ் கையளவு, ஒரு சின்னக் கத்திரிக்காய்க் கூறு, அரைக் கட்டு முளைக்கீரை, இரண்டு தக்காளி, ஒரு எலுமிச்சை. கீரைக்காரம்மா முணுமுணுக்காமல் கட்டைப் பிரித்துக் கொடுத்தார், மிச்சப் பாதி பக்கத்துப் போர்ஷனுக்காம். "கிலோ கணக்குல வாங்கினா அழுகும். அழுகுதேன்னு மூணு நாள் அதையே திம்போம். அப்புறம் வெறுத்துப்போய் ரசமும் அப்பளமும்" என்றார். தனியாக இருப்பவர் சமையல் கெடுவது எங்கே என்று இரண்டே வரியில் சொல்லிவிட்டார்.

அவருடைய அளவு இது. ஒரு வேளைக்கு அரை ஆழாக்கு அரிசி, அதற்கு மேல் கிடையாது. அதோடு ஒரு கைப்பிடி பருப்பு. காய் மட்டும் இரண்டு கைகொள்ளாமல். மூன்று லிட்டர் குக்கரில் அடியில் பருப்பும் கீரையும், மேல் தட்டில் சோறு, இடுக்கில் காய். ஒரே தடவை அடுப்பு. கீரையை அன்றைக்கே தீர்த்துவிடுவார். ராத்திரிக்கு இரண்டு தோசை, பொட்டுக்கடலைச் சட்னி. வாரத்தில் இரண்டு நாள் கேழ்வரகுக் கஞ்சி. கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, எலும்பு தேயும் வயதில் பாலுக்கு அடுத்த துணை அதுதான்.

அவர் படித்துச் செய்யவில்லை. ஆனால் ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் சொன்ன அளவும் ஏறக்குறைய இதேதான். நாளைக்குத் தானியம் 250 கிராம், காய்கறியும் கீரையும் சேர்த்து 400 கிராம், பருப்பு, முட்டை, மீன் எல்லாம் சேர்த்து 85 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி, பழம் 100 கிராம், கடலை போன்ற கொட்டைகள் 35 கிராம். காய் 400 கிராம் என்றதும் நம்மில் ஒருவர், "நாம என்ன ஆடு மாடா?" என்றார். தானியத்தைவிடக் காய் எடை கூட என்பது நமக்கு நம்ப முடியாத கணக்குதான். நம் தட்டில் அது தலைகீழாக இருக்கிறது. மீன் சாப்பிடுகிறவர்கள் பக்கத்திலேயே நொச்சிக்குப்பத்தில் நெத்திலி வாங்கலாம். முள்ளோடு மென்று தின்றால் அதுவும் கால்சியம்தான்.

"தனியா சாப்பிடப் பிடிக்குமா பெரியம்மா?" என்று கேட்டோம். "பிடிக்காது. அதனாலதான் பதினோரு மணிக்கு இலை போட்டுடறது. நேரம் தள்ளினா அப்புறம் சாப்பிடவே தோணாது" என்றார். ரேடியோவைப் போட்டுவிட்டு உட்கார்ந்து சாப்பிடுவாராம்.

ஒரு ஆள் கிச்சடி

மாம்பலத்துக்குத் திரும்பி வந்து வீட்டுக்காரரிடம் பேசினோம். கேஸ் வேண்டாம், சரி. ஒரு சின்ன கரண்ட் ரைஸ் குக்கர் வைத்துக்கொள்ள ஒத்துக்கொண்டார், கரண்ட் பில்லில் மாதம் நூறு ரூபாய் கூடத் தர வேண்டும் என்ற பேச்சோடு. (கேஸ் வைக்க அனுமதி இருக்கிற அறைகளுக்கு 5 கிலோ சிலிண்டர் கிடைக்கிறது. முகவரிச் சான்று இல்லாமல், அடையாள அட்டையை மட்டும் காட்டி வாங்கலாம்.)

அந்தக் குக்கரில் முதல்நாளே செய்து காட்டியது இதுதான். அரை ஆழாக்கு அரிசி, கால் ஆழாக்குப் பாசிப்பருப்பு, பொடியாக நறுக்கிய கேரட், பீன்ஸ், ஒரு தக்காளி, ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை, மிளகு, சீரகம், மஞ்சள்தூள், உப்பு, அளந்த ஆழாக்கிலேயே மூன்று ஆழாக்குத் தண்ணீர். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு மூடிவிட வேண்டியதுதான். குளித்துவிட்டு வரும்போது வெந்திருக்கும். முட்டையைக் கழுவி, மேலே வைக்கும் ஆவித் தட்டில் வைத்தால் அதுவும் கூடவே வேகும். இறக்கி எலுமிச்சை பிழிந்து, ஒரு கரண்டி நல்லெண்ணெய். பாதியைக் காலையில் சாப்பிட்டு, பாதியை டப்பாவில் மதியத்துக்குக் கொண்டுபோகலாம். சூட்டோடு மூடாமல் கொஞ்சம் ஆறவிட்டு மூட வேண்டும்.

ராத்திரிக்கு? பத்து மணிக்குச் சமைக்கச் சொல்வது நியாயமில்லை. காலையில் ஊறப்போட்ட பாசிப்பயறு, கெட்டில் வெந்நீரில் கரைத்த வறுத்த சத்துமாவு, வாழைப்பழம், ஒரு டம்ளர் பால். வயிறு காயாமல் தூங்கினால் போதும்.

மிச்சச் சோற்றைப் பற்றி ஒரு எச்சரிக்கை. சென்னை வெயிலில் ஆக்கிய சோற்றைச் சும்மா மூடி வைத்தால் அதில் கிருமி பெருகி நஞ்சு உண்டாகும், மறுபடி சூடு பண்ணினாலும் அந்த நஞ்சு போகாது. இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும், இல்லையென்றால் ஆறியதும் சுத்தமான பாத்திரத்தில் நல்ல தண்ணீர் ஊற்றிப் பழையதாக்கி, காலையில் முதல் வேளைக்கே சாப்பிட்டுவிட வேண்டும். நாற்றம் மாறியிருந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். சோற்றைக் கொட்டுவது பாவம் என்று நமக்கு மனசு கேட்காது, தெரியும்.

திரும்பி வந்து

ரயிலில் வரும்போதுதான் அந்த உறுத்தல் என்ன என்று பிடிபட்டது. "எனக்கு ஒருத்திக்கு எதுக்கு?" என்பது நம் அம்மாக்களின் வார்த்தை. நம் குழுக்களிலேயே தனியாக இருப்பவர்களை எண்ணினோம். பிள்ளைகள் சென்னைக்கும் திருப்பூருக்கும் போய்விட்டவர்கள், கணவர் இல்லாதவர்கள், பதினான்கு பேர். அதில் எத்தனை பேர் நேற்று ராத்திரி டீயும் பொறையும் மட்டும் சாப்பிட்டுப் படுத்தார்கள் என்று கேட்டோம். ஆறு பேர் கை தூக்கினார்கள். ஒருவர் தூக்கிவிட்டு இறக்கிக்கொண்டார்.

இப்போது இரண்டு வேலை நடக்கிறது. முருங்கைக்கீரைப் பொடி, பருப்புப் பொடி, சத்துமாவு மூன்றையும் நம் உற்பத்திக் குழு அரைத்து, சென்னைக்குப் போகிற பிள்ளைகளிடம் மாதம் ஒரு பை கொடுத்தனுப்புகிறது. பை 240 ரூபாய், அடக்க விலை. இன்னொன்று, தனியாக இருக்கும் அக்காக்கள் மூன்று மூன்று பேராகச் சேர்ந்து, வாரத்தில் மூன்று நாள் ஒரே வீட்டில் ஆக்கிச் சாப்பிடுகிறார்கள். ஒரு சேர்க்கை சண்டையில் உடைந்துவிட்டது, உப்பு விஷயம். மற்றவை ஓடுகின்றன.

மாம்பலத்துப் பொண்ணுக்கு மாத்திரையும் சாப்பாடுமாக மூன்று மாதம் கழித்துப் பார்த்ததில் ஹீமோகுளோபின் 10.4. இன்னும் 12க்கு வரவில்லை, மருத்துவர் மாத்திரையைத் தொடரச் சொல்லியிருக்கிறார். எட்டாயிரம் கடனில் இன்னும் மூன்று தவணை பாக்கி.

அடுத்த குழுக் கூட்டத்தில் இந்தப் பாடத்தைப் படித்துக் காட்டி, ஊக்குநர் இதையெல்லாம் கேட்டு எழுதி அனுப்புங்கள். நேற்று நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு? கடைசியாக ரத்தம் சோதித்தது எப்போது? உங்கள் ஊரிலிருந்து சென்னையில் தனியாகத் தங்கியிருப்பவர்கள் எத்தனை பேர், அறையில் அடுப்பு இருக்கிறதா? உங்கள் குழுவில் தனியாகச் சாப்பிடுகிறவர்கள் யார்? அவர்கள் பெயரைச் சபையில் கேட்காமல் வீட்டுக்குப் போய்க் கேளுங்கள்.